கீலில் நான்கு அடுக்கு

பிள்ளைப்பாக்கத்து ஃபைபர் படகுக் கொட்டகையில் கன்னியப்பன்தான் மூத்த ஆள். 1991 மே மாதம் பழவேற்காட்டு கிறிஸ்துதாஸின் மோட்டார் படகை அச்சில் வார்த்தவன் அவன். படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் கீலுக்கு ஆறு அடுக்கு ஃபைபர் பாய் வைத்து, அவற்றை இறுக்கும் ரெசின் பசையை ஏற்ற வேண்டும். தரை தட்டினால் அடி வாங்குவது அந்த இடம்தான். அன்றைய வெயிலில் ரெசின் வாளியிலேயே இறுகத் தொடங்கியது. நான்காவது அடுக்கோடு நிறுத்திவிட்டு, "ஆறும் போட்டாச்சு சார்" என்று சூப்பர்வைசர் பலராமனிடம் சொன்னான்.

செப்டம்பரில் படகு லாரியில் திரும்பி வந்தது. கீலில் மூன்றடி நீளத்துக்கு விரிசல். கூடவே வந்த கிறிஸ்துதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"மணல் திட்டுல ஏத்திட்டேன்பா. தண்ணி உள்ள வந்து, என் மச்சான் நீந்தித்தான் கரை சேந்தான். நீ நல்லாத்தான் செஞ்சு குடுத்த. நான்தான் கெடுத்துட்டேன்."

கன்னியப்பன் கிரைண்டரை எடுத்து விரிசலை அகலப்படுத்தினான். வெட்டிய இடத்தில் அடுக்குகள் தெரிந்தன. கிறிஸ்துதாஸ் தன் கையால் ஒரு டீயை நீட்டினார். வாங்க அவனுக்குக் கை எழவில்லை.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. ஆறு வெக்கணும். நாலுதான் வெச்சேன். சார்கிட்ட பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தான். அவர் வெட்டுவாயை விரலால் தடவினார்.

"அந்த வாரம் வேற எத்தினி படகு செஞ்ச?"

அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. கேட்காவிட்டால் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

"ரெண்டு. அதுலயும் நாலுதான்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பலராமன் அவனைப் பார்க்காமலே, "காலையில கெளம்பு. அந்த ரெண்டு படகுக்காரங்ககிட்டயும் நீயே வந்து சொல்லு" என்றார்.

கோவளத்தில் படகுக்காரர் கடலுக்குப் போக ஆயத்தமாக இருந்தார். அவரிடமும் அதையே சொன்னான். வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அருள்மேரி நிமிர்ந்தாள்.

"எம் புள்ளைங்கள அதுலதானேய்யா ஏத்திக்கினு போனோம்!"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் சதுரங்கப்பட்டினத்திலும் அப்படியே நின்றான்.

மூன்று படகுகளுக்கும் கீலைப் புதிதாகக் கட்டினார்கள். பலராமன் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால், அவனிடமே தொழில் கற்ற சரோஜாவைப் பக்கத்தில் நிற்கவைத்து அடுக்குகளை எண்ணச் சொன்னார். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி அவள் "ஒண்ணு" என்றாள். கன்னியப்பன் நிமிராமல் அடுத்த பாயை விரித்தான்.