மணலென்றால் இருபது

மொன்றியலில் பிரெஞ்சு வகுப்பொன்றில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து வினைச்சொற்களைப் பாடமாக்கிய மூன்று பெண்கள், பன்னிரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளியில் கூடாரம் அடிப்பார்கள் என்று அந்த வகுப்பு ஆசிரியை கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

யோசனை மாளவிகாவுடையது. சென்னைக்காரி, எஞ்சினியர், எதற்கும் அட்டவணை போடுகிறவள். கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் யோசெப்பின் அக்கா கேட்டவுடனேயே தலையாட்டிவிட்டார். துஷாந்தினிதான் இழுத்தடித்தாள். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குவது அவள் வேலை. பதினாறு வருடமாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்குச் சாப்பாடு ஏற்றி அனுப்பியவள், தான் விமானம் ஏறியது இரண்டே தரம்.

ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றபோது, "அங்க பாம்பு இருக்குமெல்லோ?" என்று கேட்டாள்.

"ஜூலைல அங்க குளிர்காலம்டி. பாம்பெல்லாம் தூங்கிட்டிருக்கும்" என்றாள் மாளவிகா.

"எழும்பிற்றெண்டா?"

"எழுப்பாம நடப்போம்."

அதற்கு மேல் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. கணவன் யோகேந்திரனும் "போட்டு வாவன்" என்றுவிட்டான்.

அடிலெய்டில் வாடகைக்கு எடுத்த, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வண்டியை ஒப்படைத்த மனிதர், வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுவதுபோல் வேகமாகப் பேசினார். கடைசியில் மூன்று தரம் "மணலென்றால் இருபது" என்று அழுத்திச் சொன்னது மட்டும் புரிந்தது. மணலில் இருபது கிலோமீட்டர் வேகம் என்று மாளவிகா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அதே குறிப்பேட்டில், மாளவிகாவும் யோசெப்பினும் மாறி மாறி ஓட்டுவது, துஷாந்தினி சமையல் என்று இருந்தது.

"நீ இடப்பக்கம் ஓடிப் பழகேல்லையெல்லோ" என்றார் யோசெப்பின்.

நீங்கள் மட்டும் பழகினீர்களோ என்று கேட்க துஷாந்தினிக்கு நா வரை வந்தது, கேட்கவில்லை. மாளவிகா திரும்புகிற இடமெல்லாம் சமிக்ஞை விளக்குக்குப் பதிலாகக் கண்ணாடி துடைப்பானைப் போட்டுக்கொண்டு போனாள். மழையே காணாத ஊரில் துடைப்பான் ஆடுவதைப் பார்த்து எதிரே வந்த லாறிக்காரர் கையை அசைத்தார்.

முதல் மூன்று நாளும் கொண்டாட்டம்தான். பகலில் ஈ, விடியலில் நடுக்கம், இடையிலே சிரிப்பு. துஷாந்தினி டின்மீன் குழம்பு வைத்த பின்னேரம், வாசம் பிடித்து அடுத்த கூடாரத்து வயதான தம்பதி தங்கள் தட்டுகளோடேயே வந்து நின்றார்கள்.

நாலாம் நாள் விடிந்து சற்று நேரத்தில், தெரு ஒரு வறண்ட ஆற்றுப்படுகைக்குள் இறங்கியது. மாளவிகா குறிப்பேட்டின்படி சரியாக இருபதில் போனாள். நடுவில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. அவள் அழுத்தினாள். சக்கரம் சுழன்றது, மணல் பறந்தது, வண்டி ஒரு சாண் கீழே போனது. இன்னும் அழுத்தினாள்.

"மாளவிகா, காலை எடும்!"

பின்னாசனத்திலிருந்து வந்த சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டார்கள். துஷாந்தினி சத்தம் போட்டு அவர்கள் கேட்டதே இல்லை.

கைபேசியில் தொடர்பு இல்லை. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லை. யோசெப்பின் செபமாலையைக் கையில் எடுத்தார். மாளவிகா குறிப்பேட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

துஷாந்தினி மட்டும் இறங்கி, குந்தியிருந்து சக்கரங்களைப் பார்த்தாள். மாளவிகாவின் கார் வெப்பமூட்டிய நிலவறையில் நிற்பது. யோசெப்பினுக்கு லைசென்ஸ் இருந்தாலும் வேலைக்குப் போவது மெத்ரோ ரயிலில்தான். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் தெருவோரம் காரை விட்டு, பனிவாரி வண்டி தள்ளிவிட்டுப் போன குவியலுக்குள்ளிருந்து அதைத் தோண்டி எடுத்து வேலைக்குப் போகிறவள் இந்த மூவரில் அவள் ஒருத்திதான்.

"இது சிவப்புப் பனி, அவ்வளவுதான்" என்றாள். "அக்கா, செபம் பேந்து சொல்லலாம். சட்டியை எடுங்கோ."

வண்டியில் மண்வெட்டி இல்லை. சட்டியாலும் மூடியாலும் மூவரும் சக்கரங்களுக்கு முன்னால் வாரினார்கள். காலடி விரிப்புகளை டயருக்குக் கீழே செருகிவிட்டு துஷாந்தினி ஓட்டுநர் ஆசனத்தில் ஏறினாள். முன்னுக்கு ஒரு அசைப்பு, பின்னுக்கு ஒரு அசைப்பு. மூன்றாம் அசைப்பில் விரிப்பொன்று பறந்துபோய் யோசெப்பினின் நெஞ்சில் அறைந்தது. செம்மண்ணில் குளித்தவர்போல் நின்றார் அவர். வண்டி மட்டும் குழியை விட்டு ஏறவில்லை.

"உயிரோட இருக்கிறியளோ அக்கா?"

"இருக்கிறன். ஆனா இந்தச் சட்டையை இனி ஆசையாப் போடேலாது."

மாளவிகாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துணி தேடி வண்டியின் முன்பக்கச் சிற்றறையைத் திறந்தவள், பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, "இது என்னடி?" என்றாள்.

துஷாந்தினிக்கு அதைத் தெரியும். டயரின் காற்றை அளப்பது. வாங்கி முன்சக்கரத்தில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையில் கை வைத்தாள்.

"அந்தாள் சொன்னது வேகமில்லை! காத்து! மணலெண்டா காத்தை இருபதுக்கு இறக்கச் சொன்னவர்!"

மாளவிகா குறிப்பேட்டில் அந்த வரியை வெட்டினாள்.

நாலு டயரிலும் காற்றைத் திறந்து விட்டார்கள். டயர்கள் தட்டையாகி மணலில் அகலமாகப் படிந்தன. மறுபடி வாரி, மறுபடி விரிப்புப் போட்டு, துஷாந்தினி மெல்ல, மிக மெல்ல மிதித்தாள். வண்டி ஒரு தரம் குலுங்கியது. பிறகு, சொன்னதைக் கேட்கிற பிள்ளைபோல ஏறி அக்கரை போய் நின்றது. யோசெப்பின் சட்டியில் மூடியால் தாளம் போட்டார். மாளவிகா ஓடிவந்து துஷாந்தினியைக் கட்டிப்பிடித்து, "நீதான் ஓட்டணும். இனிமே நான் பின்னாடி" என்றாள்.

மெதுவாக ஊர்ந்து ஒரு பெட்ரோல் நிலையத்தை அடைந்து காற்றடித்தார்கள். அங்கே தொடர்பு கிடைத்ததும் யோகேந்திரன் அழைத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்ப கார் ஆர் எடுத்தது?" என்றான்.

"நான்தான். இப்பவும் நான்தான் ஓடுறன்."

"இஞ்ச றோட்டெல்லாம் கிண்டிப்போட்டு ஆரஞ்சுக் கூம்பு அடுக்கியிருக்கிறாங்கள். நான் கடைக்குப் போகவே பஞ்சிப்படுறன். நீயென்னெண்டா…" என்றவன், "கவனம், என்ன" என்று முடித்தான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

அன்று பின்னேரம் இருநூற்று முப்பது கிலோமீட்டர் அவளே ஓட்டினாள். பின்னால் மாளவிகா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். தெருவோரம் ஈமு ஒன்று வண்டியோடு சேர்ந்து ஓடி வந்தது. அதற்காகத் துஷாந்தினி கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள்.