தலைவலி பார்த்துப் புறப்பட்ட பேருந்து

பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவரை எல்லோரும் விசில்காரர் என்றே அழைத்தார்கள். அவருக்கு வருஷத்தில் ஆறு வாரம் தலைவலி வரும். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ குடிவந்து, சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டுவது போன்ற வலி. அந்த ஒரு கண் மட்டும் அழும். உட்கார முடியாமல் நடைமேடையை அளந்துகொண்டிருப்பார்.

விசேஷம் வலியில் இல்லை, நேரத்தில். தினமும் பிற்பகல் இரண்டு பத்து. நிலையத்துச் சுவர்க்கடிகாரம் மழை பெய்தால் நின்றுவிடும். அவர் தலை ஒரு நாளும் நின்றதில்லை. எதிர் வங்கியின் மேலாளர் அவர் முனகலைக் கேட்டுத்தான் பெட்டக அறைக் கடிகாரத்தைத் திருத்துவார். இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு, ஒருவர் நம்பத்தகுந்தவர்.

"மூளைக்கு அடியில அரிசி அளவுல ஒரு கடிகாரம் இருக்கு" என்றார் டாக்டர்.

"அதுக்கு யார் சாவி குடுக்கறது?"

"வெளிச்சம்தான். சூரியன்னு வச்சுக்குங்களேன்."

வலி வந்ததும் சுவாசிக்க ஆக்சிஜன் உருளையும் முகமூடியும் எழுதிக் கொடுத்தார். விசில்காரர் அதை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஒரு பயணி புகார் எழுதிப் போட்டார்: வேலை நேரத்தில் நேரக்காப்பாளர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலைகிறார். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு ஆய்வாளர் வருவார், புகார் உண்மையானால் டயர் கிடங்குக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது. சம்பளம் அதேதான். ஆனால் டயர்கள் விசிலுக்குப் புறப்படுவதில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊதிய வாய்க்கு அது தாங்காது.

சனிக்கிழமை காலை மனைவி கேட்டாள்: "ஏங்க, நாளைக்குக் கடிகாரத்தை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கணுமில்ல?"

"கோடை வந்தா இந்த நாட்டுல வருஷா வருஷம் செய்யறதுதானே."

"சூரியனுக்குச் சொல்லிட்டாங்களா?"

சவரம் செய்துகொண்டிருந்த கை நின்றது. வலிக்காலமும் நேரமாற்றமும் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. அரசாங்கத்தின் சுற்றறிக்கை நாடு முழுக்கப் போயிருக்கும். தன் மண்டைக்குள் போயிருக்குமா? ஞாயிற்றுக்கிழமை வரை போகவில்லை; வலி மூன்று பத்துக்குத்தான் வந்தது.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மாள் கோப்போடு வந்து எதிரே உட்கார்ந்தார். இரண்டு ஒன்பது. இரண்டு பத்து. இடது கண் காய்ந்து கிடந்தது. விசில்காரர் மனத்துக்குள் துள்ளி, வெளியே கம்பீரமாக விசிலை ஊதினார்.

ஒரு பேருந்தும் நகரவில்லை.

மறுபடி ஊதினார். கட்டை என்று பேர் எடுத்த ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னண்ணே அவசரம்? இன்னும் உங்களுக்கு வலிக்கவே ஆரம்பிக்கலையே."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றீங்க?"

"அண்ணனுக்கு வலிச்சாத்தான் மேடம் ரெண்டு பத்து. விசில் முன்னே பின்னே ஆகும்."

சமாளிக்க ஒரு பொய் தேடினார் விசில்காரர். அகப்பட்டதெல்லாம் உண்மையாகவே இருந்தது. "மூணு பத்துக்கு வரும் மேடம். என் தலை இன்னும் பழைய நேரத்துலதான் ஓடுது."

ஆய்வாளர் பேருந்தை அனுப்பிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருந்து பார்த்துட்டே போறேன்."

மூன்று பத்துக்கு நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டது. விசில்காரரின் இடது கண் சிவந்து வழிந்தது. முகமூடியோடு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தார். கால் மணி நேரம் கழித்து முகமூடியைக் கழற்றினார். ஆய்வாளர் கேட்டார்:

"இது எப்போ புது நேரத்துக்கு வரும்?"

"ஒரு வாரம் ஆகலாம்னு டாக்டர் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமா நகருமாம்."

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்?"

"அது தெரியாமத்தான் எனக்கும் தூக்கம் வரல."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: தகுதி உண்டு, இல்லை. ஆய்வாளர் முதல் கட்டத்தில் குறியிட்டு, கீழே எழுதினார்: 'ஆறு வாரத்துக்கு உணவு இடைவேளை, தலை சொல்லும் நேரத்தில். அப்போது விசிலை வேறொருவர் ஊதலாம். வலி வரும் நேரத்தை நேரக்காப்பாளர் தினமும் எனக்கு எழுதி அனுப்ப வேண்டும்.'

கையெழுத்துப் போட்டபின், அலுவலக நடை மறந்து, ஓரத்தில் சேர்த்தார்: 'நாளையிலிருந்தே.'