கூண்டு நின்ற இடத்துச் சேறு

இல்வா கயிற்றை இழுத்தாள். இரும்புக் கவ்வி ஏரியின் அடியிலிருந்து சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. வாளியில் திறந்துவிட்டதும் அழுகிய முட்டை நாற்றம். கரியைக் கரைத்ததுபோல் இருந்தது சேறு. அதில் நெளிந்ததெல்லாம் சிவப்புப் புழு; வேறு ஓர் உயிர் கிடையாது.

மீன் கூண்டுகளுக்கு அடியில் காலையில் அள்ளிய சேறும் இதே லட்சணத்தில்தான் இருந்தது. தீவனமும் மீன் கழிவும் வருஷக்கணக்காகக் கொட்டும் இடம், வேறெப்படி இருக்கும். ஆனால் இது, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் என்று அப்பா டோர்வால்ட் படகை நிறுத்திய இடம். இரண்டு சேறும் ஒன்றுபோல் இருந்தால், அவள் எழுதும் சோதனை அறிக்கையில் மீன் பண்ணையால் கெடுதல் இல்லை என்றாகிவிடும், உரிமம் நீளும். கூண்டுகளில் மேஸ்திரியாக இருக்கும் அவருடைய பிழைப்பும் நீளும்.

"அப்பா, இது என்ன இடம்?"

"ஏரி."

"நக்கல் வேணாம். நான் பள்ளிக்கூடம் போறப்ப பழைய கூண்டு இங்கதான நின்னுச்சு?"

டோர்வால்ட் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார். "சேறுன்னா நாறத்தான் செய்யும். உமியோ டவுன் காலேஜ்ல வாசனைச் சேறு வெச்சிருந்தாங்களோ?"

"பண்ணை மேனேஜர் சொல்லி அனுப்புனாரா?"

"அந்தாளுக்கு ஏரியில எது வடக்குன்னே தெரியாது. நானாத்தான் கூட்டிட்டு வந்தேன்."

மேனேஜர்மேல் பாய வைத்திருந்த கோபத்துக்கு இப்போது ஆள் இல்லை. திட்டு வாங்க அவர் இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

"அறிக்கையில என் பேர் இருக்கும்ப்பா. நம்ம வீட்டுல காலேஜ் வாசல மிதிச்சது நான் ஒருத்தி. பொய் எழுதவா போனேன்?"

"உன்னை அனுப்புனது எது? அந்தக் கூண்டுதான். உங்கம்மாவும் அங்கதான் மீன் அறுக்கிறா. மரம் வெட்ட மெஷின் வந்துடுச்சு. ஊர்ல வேற என்ன இருக்கு, சொல்லு. புழுவுக்காக எல்லாரையும் காலி பண்ணச் சொல்றியா?"

"புழு மட்டும்தான் மிஞ்சியிருக்குன்னு சொல்றேன். கூண்டை எடுத்து இத்தனை வருஷமாச்சு, ஒரு சிப்பிகூடத் திரும்பி வரல. இப்ப நிக்கிற இடமும் இப்படித்தான் ஆகும். அப்புறம் கூண்டை எங்க தள்ளுவீங்க, நம்ம சவுனாக் குளியல் குடிசைக்குள்ளயா?"

இல்வா துடுப்பை எடுத்தாள். கூண்டு எதுவும் நின்றிராத, ஆறு வந்து சேரும் முனையை நோக்கி, எதிர்க்காற்றில், கை எரிய எரிய வலித்தாள். பாதி வழியில் படகு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. டோர்வால்ட் கொஞ்ச நேரம் பார்த்தார். "நகரு" என்று மோட்டாரைக் கிளப்பினார்.

முனைக்கு அப்பால் கவ்வியில் வந்தது பழுப்புச் சேறு. சலித்தபோது குட்டி இறால்போலத் துள்ளும் பூச்சிகள், கடுகளவு சிப்பிகள், சுத்தமான தண்ணீரில் மட்டுமே வாழும், மூன்று வால் வைத்த ஈப்புழுக்கள். டோர்வால்ட் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதை ஒரு ஜாடியில் போட்டு, மேலே முனையின் பேரை எழுதினாள். கருஞ்சேற்று ஜாடியையும் கொட்டவில்லை. 'பழைய கூண்டு' என்று எழுதி மூடினாள்.

கரை நெருங்கும்போது அவர் சொன்னார்: "அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்லு."