படத்திறப்பில் கேட்ட குரல்

செத்துப்போனவர்களைப் பற்றி மைக்கில் பேசுவதற்கு சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பகலில் நான் ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறவன். சாயங்காலங்களில் மைக் வரதன். காதுகுத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும்கூடப் பேசுவேன். ஆனால் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது படத்திறப்புதான். காரியத்தன்று இறந்தவரின் படத்தைப் பந்தலில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஊரில் முக்கியமானவர் ஒருவர் துணியை விலக்குவார். பிறகு நாலு பேர் பேசுவார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் நான் பேசுவேன். நான் பேசி முடிக்கும்போது பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பெண்கள்கூட முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

அதற்கென்று சில வாக்கியங்கள் வைத்திருந்தேன். ஆண் என்றால் ஆலமரம் சாய்ந்துவிட்டது. பெண் என்றால் இந்தக் குடும்பத்தின் குத்துவிளக்கு அணைந்துவிட்டது. இரண்டு முறை செருமி, மைக்கை ஒரு விரலால் தட்டி, "அன்பார்ந்த பெருமக்களே" என்று இழுத்து ஆரம்பிப்பேன். யார் வீட்டிலும் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

என் மனைவி ஜெசிந்தா ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்ததும் அன்றைக்குப் பார்த்த எல்லோரையும் பேசிக் காட்டுவாள். சூப்பர்வைசர் மூக்கால் பேசுவது, என் தம்பி கலைவாணன் கடன் கேட்பதற்கு முன்னால் சிரிப்பது, சர்ச்சில் பூசைக்கு லேட்டாக வந்தவர்களைச் சாமியார் பார்க்கும் பார்வை. நானும் எங்கள் மகள் அன்பரசியும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நான் இல்லாதபோது அவள் என்னையும் பேசிக் காட்டினாள் என்பது எனக்குத் தெரியாது.

அன்பரசி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒலியிலும் வீடியோவிலும் கதை சொல்வது அவளுக்கு ஒரு பாடம். முதலில் எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. குக்கர் விசிலைப் பதிவு செய்வாள். ரயில் வருவதற்கு முன்னால் தண்டவாளம் பாடுகிறது என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனில் போய் நிற்பாள். போர்வைக்குள் புகுந்துகொண்டு தனியாகப் பேசுவாள். பிறகு அவர்கள் ஆசிரியை, வீட்டில் ஒருவரை எடுத்துக்கொண்டு முகத்தைக் காட்டாமல் அவரைப் பற்றிக் கதை சொல்லச் சொன்னார். அன்பரசி அம்மாவின் கைகளைப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். கைகள் பீன்ஸ் நறுக்கும், குரல் பேசும். அது முடிவதற்குள் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவள் கிறிஸ்தவள், நான் இந்து. அடக்கம் அவர்கள் கல்லறையில் நடந்தது. இரண்டு பக்கத்து ஜனமும் சங்கடமில்லாமல் வர வேண்டுமென்று எங்கள் தெருவிலேயே படத்திறப்பு வைத்தோம்.

அதற்கு முந்தின நாள் அன்பரசி என்னிடம் வந்தாள்.

"நைனா, காலேஜுக்கு அம்மாவ எடுத்தது கீது. நாளைக்கு ஸ்க்ரீன் கட்டி ஓட்டலாமா?"

"ஓட்டும்மா."

"நீ பேசப்போறியா?"

"நான் எப்டிம்மா பேசுவேன்? புருஷங்காரன் போயி மைக் புடிச்சா நல்லாவா இருக்கும்? லாரி சங்கத் தலைவரு பேசுவாரு."

"நெஜமா பேச மாட்டல்ல?"

"மாட்டேம்மா."

"ஒரு தபா கேட்டுப் பாத்துடேன் நைனா."

"இப்ப என்னால முடியாதும்மா" என்றேன். பேசுவேனா என்று ஏன் இரண்டு முறை கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மனைவியை இழந்தவன் படத்திறப்பன்று முன்வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருப்பான். பேச மாட்டான். வருகிறவர்கள் கையைப் பிடித்தால் தலையாட்டுவான், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். துணியை விலக்கினார்கள். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "மறைந்த ஜெயந்தி அம்மையார்" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்த பிறகு "ஜெசிந்தி" என்றார். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் ஜெயந்தி. அப்புறம் சங்கத்தின் சாதனைகளுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் மனைவியின் பெயரையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில், ஊரில் எல்லாப் பெண்களுக்கும் நான் கொடுத்ததை என் மனைவிக்கு இவர் கெடுக்கிறாரே என்றும் இருந்தது. கையை நீட்டி மைக்கை வாங்கிவிட்டேன். சவுண்ட் சர்வீஸ் அருணகிரி ஓடிவந்து ஒயரை நீட்டி விட்டான். அன்பரசி ஸ்க்ரீன் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு முறை செருமினேன். மைக்கைத் தட்டினேன். "அன்பார்ந்த பெருமக்களே! பாசமிகு துணைவி ஜெசிந்தா எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்றுவிட்டார். இந்தக் குடும்பத்தின் குத்துவிளக்கு அணைந்துவிட்டது!" நன்றாகத்தான் பேசினேன். பெண்கள் பக்கம் அழுகை கிளம்பியது. என் மச்சினிச்சி வாய்விட்டு அழுதாள். மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அருணகிரிக்குச் சொல்லியிருந்தபடி அவன் பென் டிரைவைப் போட்டான். அன்பரசி அவனிடம் ஏதோ சொல்ல ஓடினாள். அதற்குள் ஸ்க்ரீனில் ஜெசிந்தாவின் கைகள் வந்துவிட்டன. இடது கைக் கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த பழைய வடு. கத்தி பீன்ஸ் மேல் போய் வந்தது. கூட்டம் அமைதியானது.

ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்புறம் இன்னொரு செருமல். டக்கென்று கத்தியின் பிடியால் பலகையில் ஒரு தட்டு.

"அன்ன்பார்ந்த பெருமக்களே!" என்றாள் ஜெசிந்தா. அச்சாக என் குரல். "பாஸ்ஸமிகு துணைவி ஜெஸ்ஸிந்தா, எங்களை மீளாத் துயரில் ஆஆழ்த்திவிட்டு..."

பதிவில் அன்பரசி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் குடும்பத்தின் குத்துவிளக்கு அணைந்துவிட்டது! பாத்துக்கினே இரு, நான் செத்தா இத்ததான் சொல்லும் உங்க நைனா. நம்ம வூட்ல ஏதுடி குத்துவிளக்கு? டியூப் லைட்டுதான கீது. அதுவும் சோக்கு போயி மூணு நாளு மின்னிகினே கீதுன்னு சொல்றேன், மாத்த மாட்டன்றாரு."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சின்னப் பையன்கள் என்று நினைக்கிறேன். பிறகு கேன்டீன் பெண்கள். பிறகு பந்தல் முழுக்க. அழுதுகொண்டிருந்த மச்சினிச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சங்கத் தலைவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தோள் ஆடியது. எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன.

ஸ்க்ரீனில் கைகள் நின்றன. பதிவில் அன்பரசி கேட்டாள்: "சரிம்மா, நைனா வேற இன்னாதான் சொல்லணும்?"

"ஆஃப் பண்ணுடா அத்த!" என்று கத்தினேன். மைக் என் கையில் ஆனிலேயே இருந்தது. தெருமுனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் அது கேட்டது. அருணகிரி திகைத்து நின்றான். நானே போய் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்க்ரீன் இருண்டது. சிரிப்பும் நின்றது. அந்த அமைதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துணி விலக்கிய படத்திலிருந்து மாலையோடு ஜெசிந்தாவும் பார்த்தாள்.

அன்பரசி பந்தலை விட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் மைக் பிடிக்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன். டீக்கடையில் நான் நுழைந்தால் யாராவது இரண்டு முறை செருமுவார்கள். கலைவாணன் என் தோளில் கை போட்டு, "இன்னாண்ணே, அண்ணி போயும் உன்ன வுடலியே!" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். லாரி ஆபீசில் டியூப் லைட் மின்னினால் என்னைப் பார்க்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அவர்கள் சிரித்தது கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பழகாமல் உறுத்தியது வேறு. அன்பரசி அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஜெசிந்தா ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல அவள் வாயைத் திறக்கும்போது நான் ஒயரைப் பிடுங்கினேன். என்ன சொன்னாள்?

மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் "ஸாரி நைனா" என்றபோது பதில் சொல்லாமல் இருந்தவன் நான். அவள் அதற்குப் பிறகு வீட்டில் எதையும் பதிவு செய்யவில்லை. குக்கர் விசில் சும்மா அடித்துவிட்டு அடங்கியது. ஆசிரியையிடம் கேட்டு, காலேஜுக்கு அம்மாவை விட்டுவிட்டுக் கடல் சத்தத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒரு நாள் அருணகிரி லாரி ஆபீசுக்கு வந்தான். "அண்ணாத்த, பாப்பா பென் டிரைவு என்னாண்டயே தங்கிச்சு" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கேட்காமலே சொன்னான்: "மீதிய நான் கேக்கல அண்ணாத்த, சத்தியமா." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறான். மூன்றாவது ஆள் கேட்டுவிட்டான், எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம்தான். மகளுக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக அதைக் கேட்பது இன்னும் அசிங்கமாகத் தோன்றியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பரசி திருவிடந்தைக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். திருப்போரூர் வழியாக ஸ்கூட்டரில் ஈ.சி.ஆர். ஏறினோம்.

காற்று அதிகம். அன்பரசி போனுக்கு ஒரு சாக்ஸை மாட்டி அலை பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா பாப்பா, மீனுக்கு சாக்ஸு போட்டுகினு கீறியா?" என்றார். "காத்து சத்தம் வராம இருக்கறதுக்குண்ணா" என்றாள் அவள். "காத்து வாணாம்னா கடலாண்ட ஏன் வந்த?" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்பரசி சிரிக்கவில்லை.

பென் டிரைவை எடுத்து நீட்டினேன். "அருணகிரி குட்த்தான்."

வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"அன்னிக்கி நீ கேட்டியேம்மா" என்றேன். "நைனா வேற இன்னா சொல்லணும்னு. அம்மா இன்னா சொல்லிச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சேன். அதுல ஒண்ணுமில்ல நைனா. ஏமாந்துருவ."

"பரவால்ல."

படகின் மறைவில் மணலில் உட்கார்ந்தோம். போனில் தேடி எடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். மறுபக்கத்தை அவள் காதில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா, நைனா வேற இன்னாதான் சொல்லணும்?"

கத்திச் சத்தம் இல்லை. ஜெசிந்தா மூச்சு விடுவது கேட்டது.

"இன்னா சொல்லணும்... இரு, யோசிக்கிறேன். அவரு வந்து..."

தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். என் ஸ்கூட்டர். சைலென்சர் போன சத்தம்.

"ஏய், வந்துட்டாருடி! ஆஃப் பண்ணு, அத்த ஆஃப் பண்ணு!"

இரண்டு பேரும் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். போனைப் பாயில் கவிழ்த்து வைத்தது போல ஒரு சத்தம். ஆனால் பதிவு நிற்கவில்லை. கதவு திறந்தது. ஒரு ஆள் உள்ளே வந்து, கீச்சென்ற குரலில், "தண்ணி குடு. கூட்டமே இல்ல. இந்த அருணகிரி மைக்குல கொர்ருன்னு சத்தம் வந்துகினே கீது, அவன் பாட்டுக்கு போன் பாத்துகினு குந்திகினு கீறான்" என்று புலம்பினான். அது நான். வீட்டில் எனக்கு இப்படியொரு குரல் இருந்தது எனக்கே தெரியாது.

"இன்னிக்கி யாருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"செங்கல்பட்டுல ஒரு அம்மாவுக்கு."

"குத்துவிளக்கா?"

"ஆமா" என்றேன் நான், தண்ணீர் குடித்துக்கொண்டே.

பின்னால் அன்பரசிக்குப் பொங்கிய சிரிப்பு இருமலாக மாறியது. அந்த ஆள் எதையும் கவனிக்கவில்லை.

"சரி, கைய கழுவிகினு வா. ஆறிப்போவுது" என்றாள் ஜெசிந்தா. குழாயில் தண்ணீர் விழுந்தது. பதிவு அதோடு முடிந்தது.

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதிலை நான் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். முதல் முறை வீட்டுக்கு வந்து.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் அன்பரசி.

"காலேஜுக்கு இத்தயே குடு. கடல் வாணாம்."

"நீ பேசறதும் வரும் நைனா. பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கொழாய் சத்தம் வரைக்கும் வெய்யி."

அவள் சாக்ஸ் மாட்டிய போனை என் வாய்க்கு முன்னால் நீட்டினாள். "கடைசில யாருன்னு சொல்லணும். நீயே சொல்லு. பேரு மட்டும் போதும்."

நான் இரண்டு முறை செருமினேன். அன்பரசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். ஜெசிந்தாவைப் போலவே தோள் குலுங்கியது. எனக்குக் காது மறுபடியும் சூடேறியது. அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"ஜெசிந்தா" என்றேன். "எங்க வூட்டுக்காரி."

அவள் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். "காத்து ஏறிடுச்சு நைனா. இன்னொரு தபா."

நான் படகின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, இன்னொரு தபா சொன்னேன்.