கப்பல் இருந்த பக்கம்

போட்டோக்காரரை அழைத்துவர சாந்தகுமார் சைக்கிளை எடுத்தபோது, சவுரியம்மாள் செத்தவரின் நகங்களை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய நகங்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் தானியேல் தானே உட்கார்ந்து தேய்த்துக்கொள்வார், மறுநாள் பூசைக்கு மஞ்சள் கையோடு போகக் கூடாதென்று. இன்றைக்கு வியாழக்கிழமைதான். விடிகாலை தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

“ரெண்டு அவர்ல வந்துர்றேன் அண்ணி. பொட்டி மூடறதுக்குள்ள ஒண்ணு எடுத்துரணும்” என்றான் சாந்தகுமார். தானியேலுக்குத் தம்பி. பிள்ளை இல்லாத வீட்டில் ஓடியாடுகிற வேலையெல்லாம் அவன் தலையில் விழுந்திருந்தது.

“இன்னாத்துக்கு எடுக்கறது?”

“இன்னாத்துக்குன்னா? அண்ணன் போட்டோ ஒண்ணுகூட வூட்டுல கெடையாதே. நாளைக்கு சுவத்துல எத மாட்டறது?”

அவன் சொன்னது நிஜம். கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கரையான் தின்றுவிட்டது. டேனரி கார்டில் ஒட்டியிருந்த சின்னப் படம் அவர் மடியிலேயே இருந்து, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, காலருக்கு மேல் வெறும் வெள்ளை வட்டமாகிவிட்டது.

“கண்ண மூடினு இருக்கறத மாட்டிட்டு, நான் யாரப் பாத்துக்கினு இருக்கறது?” என்றாள்.

சாந்தகுமார், வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்பதுபோல் கொஞ்சம் நின்றான். பிறகு போய்விட்டான்.

வழி ஒன்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது. பத்தாவது நகத்தையும் தேய்த்து முடித்து, கைகளை மார்பின்மேல் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, பின்கட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டு ஹலீமா பீ அங்கே வந்தவர்களுக்குத் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

“பீபி, அந்த டென்ட்டுக் கொட்டாயில இன்னும் தீவுப் படந்தான் ஓடுதா?”

ஹலீமா பீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் சவுரி.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலு கோடையில், மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி படம் பிடிக்க வந்தது. நாலு கைதிகள் ஜெயிலிலிருந்து தப்பிப் படகில் போகிறார்கள், படகு உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறார்கள், அதுதான் கதை. நிஜத் தீவுக்குப் போகிற வசதி அவர்களுக்கு இல்லை. காட்டுக்கு அமிர்தி மலையைப் பிடித்துக்கொண்டார்கள், கடற்கரைக்குக் காய்ந்து கிடந்த பாலாற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்று மணலில் வெட்டிய தென்னங்கன்றுகளை நட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் கொண்டுவந்து இறைத்தார்கள். கடலும் கப்பலும் மெட்ராஸில் எடுத்து ஒட்டிக்கொள்ளப்படும் என்று சொன்னார்கள். நாலாவது கைதியாக நடிக்க வேண்டியவர் வந்து சேரவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் டேனரி மூடிக்கிடந்ததால் வேடிக்கை பார்க்கப் போயிருந்த தானியேலின் தாடியையும் விலா எலும்பையும் பார்த்து, தொப்பிக்கார டைரக்டர் அவரையே கைதியாக்கிவிட்டார்.

தானியேல் கடலைப் பார்த்தவரில்லை. சவுரியும்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும், மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லீவு கிடைத்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு உடம்பு நன்றாக இருந்த வருஷம் லீவு இல்லை. அப்படிப்பட்டவர் கடலோரத்தில் நின்று நடித்தார் என்று தெருவில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்று நாள் வேலை. முதல் நாள் கம்பெனியில் பிரியாணி போட்டார்கள். இரண்டாம் நாள் சாம்பார் சாதம். மூன்றாம் நாள் பன்னும் டீயும்தான் என்று தெரிந்ததும் சவுரி களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். செருப்பில்லாத கால். நடு மத்தியானம். கேமராவுக்குப் பின்னால் யாரோ அவளைக் கையமர்த்தி நிறுத்தினார்கள். சுடுமணலில் ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன்மேல் வைத்துக்கொண்டு, தூக்கோடு நின்றாள். எதிரே தூரத்தில் அவர் புருவத்துக்குமேல் கைவைத்து நின்றிருந்தார். சற்று நேரத்தில் டைரக்டர் எதற்கோ கைதட்டினார். ஆட்கள் கலைந்தார்கள். அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு உருண்டை களி இருக்குதா என்று கேட்டார். அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

படம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. தெருவே போய்ப் பார்த்தது. அவள் மட்டும் போகவில்லை. படத்தில் முதலில் சாகிறவர் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. “புருசன் சாவறத டிக்கெட் எடுத்துப் போய் பாப்பாங்களா?” என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நல்லாத்தான் செத்துருக்கேன்” என்றார். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

மற்ற ஊர்களில் மூன்று நாளில் தூக்கிய படம், மாதனூர் பக்கத்து டென்ட்டுக் கொட்டகையில் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஓடியது. புதுப்படப் பெட்டி வராத வாரமெல்லாம் தீவுப் படம். ஜனங்கள் கதைக்காகப் போகவில்லை, கடலுக்கு நடுவே தங்கள் ஊர் ஆற்றைப் பார்க்கப் போனார்கள். அங்கே டிக்கெட் கிழிப்பவர் ஹலீமா பீயின் தம்பி.

“போன வெள்ளிக்கெழமதான் மறுபடி போட்டாங்க” என்றாள் ஹலீமா பீ. “எதுக்குக் கேக்குற?”

“வாசல்ல அவரு போட்டோ ஒட்டி வச்சிருக்குதுன்னு ஒருவாட்டி சொன்னியே.”

ஹலீமா பீ புர்காவை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அப்போது மணி பதினொன்றரை. சாமியார் அடக்க ஜெபத்துக்கு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்றரைக்குப் போட்டோக்காரர் வந்துவிட்டார். மூன்று கால் ஸ்டாண்டைப் பந்தலுக்குள் நிறுத்தி, பெட்டியைத் தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தினால் முகம் நன்றாக விழும் என்றார். சாந்தகுமாரும் இன்னொருவரும் செங்கல் தேடினார்கள். சவுரி பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் இரு சாந்தா.”

“வாணியம்பாடில அவருக்குக் கல்யாண ஆர்டர் இருக்குதாம் அண்ணி.”

“ஒரு பஸ்ஸு வரட்டும்.”

ஒரு பஸ் வந்தது. இன்னொன்றும் வந்து போனது. போட்டோக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். இரண்டே முக்காலுக்குச் செங்கல்லை வைத்துப் பெட்டியை உயர்த்தினார்கள். சவுரி தடுக்கவில்லை. துணியால் கட்டியிருந்த அவர் தாடையைப் பார்த்தாள். இனி இதுதான் என்றால் இதுதான் என்று அவள் கையை எடுத்த நேரத்தில், தெருமுனையில் ஹலீமா பீ தெரிந்தாள். ஒரு கையைப் புர்காவுக்குள் விட்டு, வயிற்றை அணைத்துப் பிடித்தபடி வந்தாள்.

“மேனேஜரு கம்பெனி பொருள், தர மாட்டேன்னு பேஜார் பண்ணாரு. அவரு சாப்பிடப் போனாரு, நான் புடுங்கிக்கினு வந்துட்டேன்” என்று மூச்சு வாங்கினாள். புர்காவுக்குள்ளிருந்து போட்டோ அட்டையை எடுத்துச் சவுரியின் கையில் கொடுத்தாள். நாலு மூலையிலும் குண்டூசித் துளை இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் இரண்டு மெட்ராஸ் கைதிகள். முன்னால் தானியேல், கிழிந்த சட்டையோடு, புருவத்துக்குமேல் கைவைத்து, கண்ணைத் திறந்து.

போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். “இதையே வெயில்ல வச்சுக் காப்பி எடுத்துரலாம்மா. பின்னாடி இருக்கறவங்கள மறைச்சுரலாம்” என்றார். பத்து நிமிஷத்தில் எடுத்தும் முடித்தார். சாந்தகுமார் பெட்டிக்கு அடியிலிருந்த செங்கல்லை மெதுவாக உருவினான்.

தலைமாட்டில் முக்காலி போட்டு, அட்டையைத் தெருப்பக்கம் பார்க்க நிறுத்தினார்கள். சாமந்திச் சரத்தால் மெட்ராஸ்காரர்கள் இரண்டு பேரையும் மூடினார்கள். ஹலீமா பீ சவுரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இந்த எடத்துல கொட்டாயே கம்முனு ஆயிடும். பீடி குடிக்கிறவன்கூட குடிக்க மாட்டான்” என்றாள் மெல்ல.

“இன்னாத்தப் பாக்கறாரு?”

“கப்பல. தூரத்துல ஒரு கப்பல் போவும்.”

“நிக்குதா?”

“நிக்காது. இவரு பாத்துக்கினே இருப்பாரு, அது போய்டும். அப்புறம் ராத்திரிதான் அவரு...” ஹலீமா பீ பேச்சை மாற்றி, “அன்னிக்கிக் காலைலேர்ந்து எத்தினி வாட்டி எடுத்தாலும் டைரக்டருக்கு சரிப்படலயாம். பஸ்ஸுக்கு நிக்கறவன் மாதிரி நிக்கறியேன்னு திட்டுனாராம். இத மட்டும் நல்லா பண்ணிட்டாராம். என் தம்பிகிட்ட சொல்லிருக்காரு” என்றாள்.

சவுரி அட்டையை நோக்கிக் குனிந்தாள். அவருடைய வலது பாதத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. இரண்டு நாள் மணல் சுட்டுக் கொப்புளம் கண்டதென்று, மூன்றாம் நாள் காலை தன் பழைய சேலையின் கரையைக் கிழித்து அவள்தான் சுற்றிவிட்டாள். முடிச்சுகூட அவள் போட்டதுதான். அங்கிருந்து கண்ணை மேலே கொண்டுபோனாள். கீழுதட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்திருந்தார். சிரிப்பதற்கு முன்னால் அப்படிக் கடிப்பார். டேனரி கேட்டில் மத்தியானச் சங்கு ஊதி, சாப்பாட்டுத் தூக்கோடு அவள் வருவது கூட்டத்தில் தெரிந்ததும் கடிப்பார்.

சாமியாரின் மோட்டார் சைக்கிள் தெருவில் வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். சாமியார் முக்காலிமேலிருந்த அட்டையைக் கவனித்து, குனிந்து பார்த்துவிட்டு, ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

சவுரி தானியேலின் தலைமாட்டில் நிற்கவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். பந்தல் நிழல் முடிகிற இடத்தையும் தாண்டி, தெருவில், அட்டைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“அங்க வெயிலு அண்ணி. இப்படி வாங்க” என்றான் சாந்தகுமார்.

“இருக்கட்டும்.”

மே மாதத்து நாலு மணி வெயில். தரை இன்னும் ஆறவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன்மேல் வைத்துக்கொண்டாள்.