சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

ஹான்காக் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தின் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளன்று ஊரே காலையில் கணினி முன்னால் உட்கார்ந்துவிடும். அந்த வருடமும் உட்கார்ந்தது. ஆனால் பக்கம் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளையாக முழித்துவிட்டு, இந்தத் தளம் உங்களை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புகிறது என்று பிரவுசர் கைவிரித்தது.

ஷெல்பி ஓலிலா அப்போதுதான் வாசல் பனியை வழித்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருந்தாள். சங்கத் தலைவி பெர்னிஸ் காண்டோலா போனில் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா ஷெல்பி, உன் சைட்டு சுத்துன எடத்துலயே சுத்துது? எனக்குத் தலை சுத்துது.”

தளத்தை எழுதியது ஷெல்பிதான். பிழைப்புக்கு டெட்ராய்ட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள். சங்கத்துக்கு எழுதியது ஆசைக்கு. நிரலில் அவள் கைவைத்து மாதக்கணக்காகிறது. மாறியது வேறு. சங்கத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் க்ளென் ட்ரெம்பாத், முந்தின வாரம் அதன் முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்தியிருந்தான். வெளியிலிருந்து வருகிற யாரும் இனி முதலில் ப்ராக்ஸியிடம்தான் வரவேண்டும். அது வாங்கி உள்ளே தளத்திடம் கொடுக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்களையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

க்ளென்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. அந்த ஒன்றுதான் அவளால் முடியவில்லை. க்ளென் அவளுடைய அக்கா ரோண்டாவின் முன்னாள் கணவன். எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், மணமுறிவுக்குப் பிறகு மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் தலையாட்டுவதோடு சரி. சண்டை ஒன்றும் இல்லை. அக்கா பக்கம் நிற்பதென்றால் இப்படித்தான் என்று ஷெல்பி தானாகவே முடிவு செய்திருந்தாள்.

ஆகவே மின்னஞ்சல் போட்டாள். மதிப்பிற்குரிய திரு. ட்ரெம்பாத் அவர்களுக்கு என்று தொடங்கி, என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்தாள். அவனும் மதிப்பிற்குரிய செல்வி ஓலிலா என்று தொடங்கி அதே வரியில் முடித்திருந்தான். நகல் போன பெர்னிஸ் இரண்டையும் படித்துவிட்டு, மதியம் இருவரும் சங்கக் குடிலுக்கு வந்து சேருங்கள் என்று உத்தரவு போட்டார்.

க்ளென் பாஸ்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட அது காகிதப் பைக்குள் இன்னும் சூடாக இருந்தது. ஷெல்பி பிட்டுப் பார்த்தாள்.

“கேரட்டே இல்லையே.”

“கேரட் போட்டா அதுக்குப் பேரு பாஸ்டி இல்ல. ஃபின்லாந்துக்காரங்களுக்கு எத்தன தடவ சொல்றது?”

“கார்ன்வால்காரங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு, என்ன பண்றது.”

அவள் வம்சம் ஃபின்லாந்து, அவன் வம்சம் கார்ன்வால். சொன்ன பிறகுதான், முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் மேசையில் இதையே சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்து, மடிக்கணினியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பக்கத்தைக் கேட்டு வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் எப்படி வருகிறது என்பதைத் தளத்தையே எழுதிக்காட்டச் செய்தாள். திரையில் வரிகள் ஓடின. அத்தனையும் பூட்டில்லாமல், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கப்படாமல், வந்திருந்தன.

“ஒண்ணுகூடப் பாதுகாப்பா வரல. நீ பூட்டக் கழட்டிட்டா அனுப்புற?”

“ஆமா. வெளியிலேருந்து பூட்டோட வர்றத நான் பிரிச்சு உள்ள தர்றேன். உள்ள ஒரே மெஷின்தானே, எதுக்குப் பூட்டு?”

சொல்லிவிட்டு அவன் வாய்க்குக் கொண்டுபோன பாஸ்டியை நிறுத்தினான். அவளுக்கும் அதே கணத்தில் புரிந்தது. பூட்டில்லாமல் வருகிறவர்களைப் பூட்டோடு திரும்பி வரச்சொல் என்று அவள் நிரலில் எழுதிவைத்திருக்கிறாள். ஆள் பூட்டோடுதான் வருகிறான்; ப்ராக்ஸி கழற்றி உள்ளே அனுப்புகிறது; தளம் பார்த்துவிட்டு, போய்ப் பூட்டோடு வா என்கிறது. அவன் மறுபடி வருகிறான். இப்படியே காலையிலிருந்து ஊரைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் இருவர் செய்ததும் சரி.

வழியும் தெரிந்ததுதான். ஆள் பூட்டோடு வந்தானா இல்லையா என்று கோரிக்கையின் தலையில் ப்ராக்ஸி ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். தளம் அந்த வரியைப் படித்து முடிவு செய்ய வேண்டும். க்ளென் எழுதவைத்தான், ஷெல்பி படிக்கவைத்தாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. அவள் பெர்னிஸுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

“கொஞ்சம் இரு, ஷெல்.”

ஷெல் என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அவள் போனை வைத்தாள். க்ளென் தன் கணினியை வெளி இணைப்புக்கு மாற்றினான். ப்ராக்ஸியை விட்டுவிட்டு, இன்னும் அடைக்காமல் கிடந்த தளத்தின் பழைய வாசலுக்கே பூட்டில்லாமல் ஒரு கோரிக்கை அனுப்பினான். அதன் தலையில், பூட்டோடு வந்தேன் என்று தானே எழுதிவிட்டான். தளம் அதை அப்படியே நம்பி, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை நீட்டியது. அதில் எழுதுகிற கடவுச்சொல் பூட்டில்லாமலே போகும்.

ஷெல்பிக்குக் காது சூடானது. யார் எழுதியது என்று பார்க்காமலே நம்பச் சொல்லியிருந்தாள். ப்ராக்ஸியின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அந்த வரியை மதி, வேறு யார் எழுதியிருந்தாலும் தள்ளு என்று நிரலைத் திருத்தினாள். அவன் பழைய வாசலை அடைத்தான். அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சரி, ஒருத்தன் அந்தப் பொய்ய எழுதிக்கிட்டு உன் ப்ராக்ஸி வழியாவே வந்தா?”

“வந்தா...” க்ளென் திறந்து பார்த்தான். தாடியைச் சொறிந்தான். வெளியாள் எழுதிய வரி ஏற்கெனவே இருந்தால் அவனுடைய ப்ராக்ஸி அதைத் தொடாமல் அப்படியே உள்ளே கடத்திக்கொண்டிருந்தது. வெளியாள் எதை எழுதியிருந்தாலும் அழித்துவிட்டு, தான் கண்டதை மட்டும் எழுது என்று மாற்றினான்.

அதன் பிறகு இருவருமாக எல்லாப் பொய்களையும் எழுதி அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் செல்லவில்லை. நேர்வழியில் வந்தவர்களுக்குப் பக்கம் திறந்தது. பெர்னிஸிடம் சொன்ன கொஞ்ச நேரத்தில் பெயர்கள் வந்து விழத் தொடங்கின. இருவரும் தோளோடு தோள் குனிந்து, தெரிந்த பெயர் வரும்போதெல்லாம் பழைய கதை பேசினார்கள்.

மேசையைத் துடைக்கும்போது க்ளென் குனிந்த தலையோடு கேட்டான். “ரோண்டா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. வேற ஊர்ல புது வீடு பாத்துட்டா. தினமும் ஏரி ஓரமா நடக்குறா.”

“நல்லது,” என்றான். மனசாரச் சொன்னது அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் ஷெல்பி அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கி, மதியம் முழுக்க க்ளென்னோடு உட்கார்ந்து வேலை செய்ததைச் சொன்னாள்.

“பாவம், அவன் ஒரு நாள் என்கிட்டயே கேட்டான், ஷெல்லுக்கு என்மேல என்ன கோவம்னு,” என்றாள் ரோண்டா. “அவன்கூடப் பேசாதேன்னு நான் எப்போடி சொன்னேன்?”

ஷெல்பிக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்ததும், போட்டியன்று நேரம் குறிக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று க்ளென்னுக்கு ஒரு வரி அனுப்பினாள். மதிப்பிற்குரிய என்றெல்லாம் போடவில்லை.