ஸ்கேனுக்கு அரை நாள்

இஸ்திரி போட்ட விரிப்பின் இரண்டு மூலைகளை அவன் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டோடு அவள் எதிரே நடந்து வந்தாள். மடித்து அடுக்கினார்கள். காலையிலிருந்து அது நூற்றுப் பதினாறாவது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வலது தோளை நீவிக்கொண்டாள்.

அவள் அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் புற்று என்று வந்துவிட்டது. ஆனால் மார்பைப் படமெடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. எங்கோ ஒளிந்திருக்கிறது, மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் இருக்கும் இடமும் பரவிய இடமும் மின்னும் என்றார் டாக்டர். லாண்டரி சூப்பர்வைசருக்கு அந்த ‘ஒன்றுமில்லை’ மட்டும்தான் கண்ணில் பட்டது. பெட்டி பிடிக்கிற கைக்கு என்ன சீக்கு என்று கேட்டுவிட்டு அரை நாள் கொடுத்தார். ஸ்கேன் செலவு லாண்டரி கம்பெனியின் இன்சூரன்ஸில் என்பதால் கணவனும் மனைவியும் அதுவே போதுமென்று கிளம்பினார்கள்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு பெண் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நேத்துலேருந்து கைக்கு வேலை எதுவும் செஞ்சீங்களா? பாரம் தூக்குறது, அந்த மாதிரி?”

தாளின் தலையில் லாண்டரி கம்பெனியின் பெயர் இருந்தது. இது யார் கைக்குப் போகும்? வேலை செய்கிறவளுக்கு நோய் ஏது என்று இன்சூரன்ஸை நிறுத்திவிட்டால்? மேசைக்கடியில் அவன் மனைவியின் காலை மிதித்தான்.

“வீட்டுலதான் படுத்திருந்தா,” என்றான்.

அந்தப் பெண் ஊசி எடுக்க உள்ளே போனதும் மனைவி மெல்லக் கேட்டாள். “எதுக்குங்க கேட்டிருப்பா?”

“போட்டு வாங்கத்தான்.”

“பொய் சொன்னா உங்க காது செவக்குது. மூடிக்குங்க.”

படத்தில் வலது தோளும் அக்குளும் பளீரென்று மின்னின. உழைத்த தசையும் அப்படித்தான் மின்னுமாம். எது நோய், எது தசை என்று பிரிக்க முடியவில்லை.

“படுத்தே இருந்தவங்களுக்கு இப்படி வராதே,” என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

மறுபடி ஸ்கேன் எடுக்க அனுமதி தராமல் இன்சூரன்ஸ்காரர்கள் நாலு மாதம் இழுத்தார்கள். அந்தப் படம் வராமல் வைத்தியத்துக்கும் அனுமதியில்லை. இரண்டாம் முறைக்கு முன் அவள் இரண்டு நாள் அசையாமல் படுத்திருந்தாள். இந்த முறை படத்தில் தோள் இருண்டிருந்தது. முதுகெலும்பு மின்னியது.

அவள் போய்ச் சேர்ந்த மறுமாதம், லாண்டரியில் அவள் பெயரை நீக்கக் கையெழுத்து வேண்டுமென்று அவனைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். முதல் ஸ்கேன் எடுத்த தேதியில் காலைக்கு நேரே அவள் கையெழுத்து. பிற்பகலுக்கு நேரே, சிவப்பு மையில்: ‘சொந்த வேலை’.